மருந்தை நிறுத்தும் அதிகாரம்

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதி பிரிட்டனில் ஒரு சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. தக்க பயிற்சி பெற்று, பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே அதற்குரிய குறிப்பும் பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட், எந்த டாக்டருடைய கையெழுத்தையும் எதிர்பார்த்துக் காத்திராமல், தம் சொந்த நிதானத்தின் பேரிலும் சொந்தப் பொறுப்பிலும் நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். பிடித்துக்கொண்ட மூட்டை அசைத்துக் கொடுப்பவர்கள், தளர்ந்த தசைக்கு வலுவேற்றுபவர்கள், படுக்கையில் விழுந்தவரை எழுப்பி நிறுத்தி மறுபடியும் நடக்கப் பழக்குபவர்கள் என்றே உலகம் அறிந்திருந்த ஒரு தொழிலாருக்கு, இவ்வளவு விரிந்த உரிமையை அதற்கு முன் வேறெந்தத் தேசமும் அளித்ததில்லை. டாக்டர் அல்லாதார் மருந்து எழுதுவதா என்று ஐயுற்றவர்களும், இனி நோயாளிக்கு அலைச்சல் குறையும் என்று மகிழ்ந்தவர்களும் ஒரு விஷயத்தை மட்டும் அதிகமாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுதும் அதிகாரம் உள்ளவருக்கே எழுதியதைக் குறைக்கவும் அடித்துவிடவும் அதிகாரம் உண்டு. இந்த இரண்டாவது அதிகாரம்தான், என் அபிப்பிராயத்தில், அந்தத் திருத்தம் பிசியோதெரபிஸ்டுகளுக்கு அளித்த பெரிய செல்வம். ஆனால் அதைக் கையில் எடுத்துப் புழங்குவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை ஆஸ்பத்திரிகள் இன்னும் மனமுவந்து செய்து முடிக்கவில்லை.

நால்வர் இட்ட விதிகள்

இவ்வுரிமையின் அருமையை உணர வேண்டுமானால், தொழிலின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும். 1894-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்தில் மசாஜ் செய்யும் தொழில் மிகுந்த அபகீர்த்திக்கு ஆளாகியிருந்தது. மசாஜ் நிலையம் என்று பலகை தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே விபசாரம் நடத்தும் இடங்கள் பெருகிவிட்டன என்று பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் அவ்வாண்டில் கண்டித்து எழுதியது. நோயாளிகளுக்கு மெய்யாகவே சிகிச்சை செய்துவந்த பெண்களின் மானமும் பிழைப்பும் அந்தக் கண்டனத்தில் அகப்பட்டுக்கொண்டன. அப்போது லூசி ராபின்சன், ராசலிண்ட் பேஜெட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பாமர் என்ற நான்கு பெண்மணிகள், நர்ஸ் தொழிலிலும் பிரசவ சிகிச்சையிலும் தேர்ந்தவர்கள், ஒன்று கூடிப் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்தார்கள். இன்று சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி என்ற பெயரில் விளங்குவது அந்தச் சங்கத்தின் வழிவந்ததே.

சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு இட்ட ஆதி விதிகள் மிகச் சில. டாக்டருடைய உத்தரவின்றி எவருக்கும் சிகிச்சை செய்யலாகாது; அவசர நிலைமையில் டாக்டர் விசேஷமாகக் கேட்டுக்கொண்டாலன்றி ஆண்களுக்குப் பொதுவான மசாஜ் செய்யலாகாது; மருத்துவப் பத்திரிகைகளில் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யலாகாது; நோயாளிகளுக்கு மருந்து விற்கலாகாது. தங்கள் தொழிலின் நற்பெயரைக் காப்பதற்காக அந்தப் பெண்மணிகள் தங்களுக்குத் தாங்களே பூட்டிக்கொண்ட விலங்குகள் இவை. டாக்டர்களின் ஆதரவைப் பெற்றாலன்றி நிலைக்க முடியாது என்ற காலத்தில் டாக்டருக்குக் கீழ்ப்படிவதையே கவசமாக அணிந்தார்கள். அதில் அவர்களைக் குறை கூறுவதற்கு எவருக்கும் நியாயமில்லை. முதல் உலக யுத்தத்தில் காயமுற்றுத் திரும்பிய சிப்பாய்களுக்கு இவர்கள் செய்த சேவை தேசத்தின் கண்ணில் தொழிலை உயர்த்தியது. 1920-இல் அரச சாசனம் கிடைத்தது, ஆடவரும் அங்கத்தினராயினர். ஆயினும் டாக்டருடைய உத்தரவின்றிக் கை வைப்பதில்லை என்ற முதல் விதி அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்தியது. எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்பதைக்கூட டாக்டர் எழுதியனுப்ப, அதை அப்படியே நிறைவேற்றுவதே பிசியோதெரபிஸ்டின் கடமையாக இருந்தது. 1977-இல் பிரிட்டிஷ் சுகாதார இலாகா அனுப்பிய ஒரு சுற்றறிக்கை, சிகிச்சை முறையைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் இவர்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டபோதுதான் அந்த விலங்கு கழன்றது.

நான்காவது விதியைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லிவிட வேண்டும். மருந்து விற்கலாகாது என்ற அந்த விதி 2013-ஆம் ஆண்டின் சட்டத்தால் மீறப்படவில்லை. எழுதுகிறவர் ஒருவராகவும், எடுத்துக் கொடுக்கிறவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும் என்பதை இன்றும் இத்தொழிலின் நடைமுறை விதிகள் வற்புறுத்துகின்றன. மருந்தினால் ஆதாயம் பெறும் கையும் மருந்தைத் தீர்மானிக்கும் கையும் ஒன்றாகிவிடக் கூடாது என்று அந்த நால்வர் எண்ணியது நூற்றிருபது வருஷங்கள் கழித்தும் செல்லுபடியாகிறது.

நர்ஸ்கள் வெட்டிய பாதை

மருந்து எழுதும் உரிமைக்குப் பாதை வெட்டியவர்கள் பிசியோதெரபிஸ்டுகள் அல்லர். கிராமத்திலும் நகரத்திலும் வீடு வீடாகச் சென்று புண் கட்டிய நர்ஸ்களே. புண்ணுக்கு எந்தக் கட்டு, எந்தக் களிம்பு வேண்டும் என்பது நர்ஸுக்குத் தெரியும். தெரிந்தும், அதை எழுதித் தரும் டாக்டருடைய கையெழுத்துக்காக அவர் கிளினிக் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் 1986-இல் வெளிவந்த அறிக்கை இந்த வீண் காலக்ஷேபத்தை எடுத்துக் காட்டி, ஒரு சிறு பட்டியலில் அடங்கிய பொருள்களை நர்ஸ்களே எழுதலாம் என்று சிபாரிசு செய்தது. டாக்டர் ஜூன் கிரௌன் தலைமையில் அமைந்த குழு 1989-இல் அதை ஆமோதித்தது. 1992-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் சில இடங்களில் மாத்திரம் பரீக்ஷார்த்தமாக அது நடைமுறைக்கு வந்தது. ஒரு பாண்டேஜை எழுதுவதற்கு எட்டு வருஷம் பிடித்தது என்பதை எண்ணிப் பார்த்தால், டாக்டரின் பேனாவுக்கு அந்தச் சமூகம் எவ்வளவு புனிதத்தை ஏற்றி வைத்திருந்தது என்பது விளங்கும்.

அதே டாக்டர் கிரௌன் தலைமையில் 1999-இல் வந்த இரண்டாவது அறிக்கை பிற சுகாதாரத் தொழிலார்க்கும் வாயிலைத் திறக்கச் சொன்னது. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. 2003-இல் நர்ஸ்களும் மருந்தாளுநர்களும், 2005-இல் பிசியோதெரபிஸ்டுகளும் பாத நோய்ச் சிகிச்சையாளர்களும் ரேடியோகிராபர்களும் துணை நிலையில் மருந்து எழுதும் தகுதி பெற்றனர். துணை நிலை என்பதன் பொருள் இது: டாக்டர் நோயை நிர்ணயிப்பார், அவரும் பிசியோதெரபிஸ்டும் நோயாளியும் மூவருமாக ஒப்புக்கொண்டு அந்த ஒரு நோயாளிக்கென்று ஒரு சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் வைத்துக்கொள்வார்கள், அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் மாற்றவும் பிசியோதெரபிஸ்டுக்கு உரிமை உண்டு. வருஷக்கணக்கில் நீடிக்கும் நோய்க்கு இது நன்கு பொருந்துகிறது. முதல்முறையாக இன்று காலை வந்து நிற்கும் நோயாளிக்கு இதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. டாக்டரைத் தேடிப் பிடித்துத் திட்டம் எழுதி முடிப்பதற்குள் டாக்டரே சீட்டை எழுதிவிடலாம். 2006-இல் நர்ஸ்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் சுயேச்சையாக எழுதும் அதிகாரம் ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் விரிக்கப்பட்டபோது, டாக்டர்களின் சங்கத்திலிருந்து பலத்த ஆட்சேபம் எழுந்தது. பிசியோதெரபிஸ்டுகள் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் பொறுத்திருந்தார்கள்.

தோளும் ஊசியும்

சட்டம் இல்லாதிருந்த காலத்தில் என்ன சங்கடம் இருந்தது என்பதற்குத் தோள்பட்டையைவிட நல்ல உதாரணம் இல்லை. ஃப்ரோஸன் ஷோல்டர் என்று சொல்லப்படும் தோள்பிடிப்பில் சிலருக்கு மூட்டுக்குள் ஸ்டெராய்டு ஊசி போட்டு வலியைத் தணித்தால்தான் பயிற்சியைத் தொடங்கவே முடியும். 1990-களின் நடுவிலிருந்தே பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகள் தனிப் பயிற்சி பெற்று இவ்வூசியைப் போட்டு வருகிறார்கள். ஊசி போடும் கை அவர்களுடையது. ஊசியில் நிரப்பும் மருந்துக்கு அதிகாரம் வேறொருவருடையது. இந்த முரண்பாட்டைச் சமாளிக்க 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு வழி இருந்தது: இன்ன நோய்க்கு, இன்ன மருந்தை, இன்ன அளவில், இன்னின்னாருக்குத் தவிர மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு டாக்டரும் ஒரு மருந்தாளுநரும் கையெழுத்திட்டு ஸ்தாபனம் அங்கீகரித்த பொது உத்தரவு ஒன்றின் கீழ் மருந்தைச் செலுத்துவது. பொது உத்தரவு என்பது வகைக்கு எழுதப்படுவது. வாசலில் வந்து நிற்கும் மனிதரோ வகைக்குள் அடங்குவதில்லை. எழுதியதினின்று அணுவளவும் பிசகக் கூடாது. ஸ்டெராய்டையும் உணர்விழக்கச் செய்யும் லிக்னோகெயினையும் ஒரே ஊசிக்குழலில் கலப்பது தோள் கிளினிக்குகளில் அன்றாட வழக்கம். ஆனால் அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளைக் கலந்தால் பிறப்பது அனுமதி பெறாத மூன்றாவது மருந்து என்று பிரிட்டிஷ் சட்டம் கொள்வதால், பொது உத்தரவின் கீழ் அந்தக் கலவைக்கு இடமே இல்லை. 2013-இன் சட்டம், சுயேச்சையாக எழுதும் பிசியோதெரபிஸ்டுக்குக் கலக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்து அந்தச் சிக்கலை அவிழ்த்தது.

சிக்கலை அவிழ்த்தது என்றேன். பொறுப்பைக் குறைத்தது என்று சொல்லவில்லை. பொது உத்தரவின் கீழ் ஊசி போட்டவர், உத்தரவில் எழுதியிருந்ததைச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தாமே எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு இல்லை. நோயாளிக்கு நீரிழிவு உண்டானால் ஸ்டெராய்டுக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லி எச்சரிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டறிய வேண்டும். வேறு யாராவது, வேறெந்த உறுப்புக்காவது, அண்மையில் ஸ்டெராய்டு கொடுத்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். முழங்கால் வலிக்கு நாப்ராக்ஸன் எழுதுவதற்கு முன் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் நினைக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கென்று ஒரு மாத்திரையும் நீர் பிரிவதற்கென்று ஒரு மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதுபடக்கூடும் என்பது தெரிந்திருக்க வேண்டும். முழங்காலை மட்டும் பார்த்துப் பழகிய கண் முழு மனிதனைப் பார்க்கப் பழகவேண்டியிருக்கிறது. இந்தச் சட்டம் தொழிலுக்குச் செய்த உபகாரங்களில் இதுவும் ஒன்று.

அதற்கென்று வகுக்கப்பட்ட பயிற்சியும் அலட்சியமானதன்று. தகுதி பெற்ற பின் பொருத்தமான துறையில் குறைந்தபட்சம் 3 ஆண்டு அனுபவம் வேண்டும். வேலை பார்க்கும் ஸ்தாபனம், இவர் மருந்து எழுதுவதால் நோயாளிகளுக்கு நன்மை உண்டு என்று உறுதி கூற வேண்டும். பல்கலைக்கழகத்தில் 26 நாள் படிப்பு. அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வையில் 12 நாள் செய்முறை. மேற்பார்வையாளர் டாக்டராகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்தில் இருந்தது. 2019-இல் அது தளர்த்தப்பட்டு, அனுபவமுள்ள வேறு தொழிலாரும் அப்பணியை ஏற்கலாம் என்றாயிற்று. தேறியவர் பெயருக்கு நேரே சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலின் பதிவேட்டில் குறிப்பு ஏறும். தம் அறிவுக்கும் பயிற்சிக்கும் உட்பட்ட நோய்க்கு மாத்திரமே எழுதலாம் என்ற வரம்பு மட்டும் எந்நாளும் நீங்குவதில்லை. முதுகுவலிக் கிளினிக்கில் இருப்பவர், நோயாளி கேட்டுக்கொண்டார் என்பதற்காகத் தைராய்டு மாத்திரையை எழுதிக் கொடுத்தால் அது குற்றமே.

இறுக்கத்தில் ஊன்றி நிற்கும் கால்

இந்த அதிகாரம் மிகுந்த நுட்பத்தோடு பிரயோகமாவது, பலரும் நினைப்பதுபோல முதுகுவலியிலும் முழங்கால் வலியிலும் அன்று. மூளையிலும் முதுகுத் தண்டிலும் நோய் கண்டவர்களிடத்தில்தான். பக்கவாதத்துக்குப் பின்னும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும், கை கால் தசைகள் தம் இஷ்டத்துக்கு இறுகிக்கொள்ளும். முழங்கை மடங்கியே நிற்கும். இரவில் கால்கள் வெட்டி வெட்டி இழுத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கு பாக்லோஃபென், டிசானிடின் முதலிய மாத்திரைகள் உண்டு. இறுக்கம் தீங்கு, மருந்து அதைப் போக்கும், ஆகவே மருந்தைக் கொடு என்பது எளிய தர்க்கம். நோயாளி எழுந்து நிற்கும்போது அந்தத் தர்க்கம் பொய்த்துவிடுகிறது. பலமிழந்த காலில் உள்ள இறுக்கமே சிலருக்கு ஊன்றுகோலாக இருந்து உடம்பைத் தாங்குகிறது. மருந்தினால் இறுக்கம் இளகினால், அதுவரை மறைந்திருந்த பலவீனம் வெளிப்பட்டு மனிதர் கீழே விழுகிறார். நேற்று வரை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் கைப்பிடித்தால் மாறக்கூடியவராக இருந்தவருக்கு இன்று இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

இதை எவர் முதலில் காண்கிறார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கிற நரம்பியல் நிபுணர் காண்பதற்கு வாய்ப்புக் குறைவு. வாரந்தோறும் நோயாளியின் இடுப்பைப் பிடித்து எழுப்பி, அடியெடுத்து வைக்கச் சொல்லி, குதிகால் தரையில் படிகிறதா, முழங்கால் மடங்கித் துவள்கிறதா என்று கையினாலும் கண்ணினாலும் அளந்துகொண்டிருக்கிற பிசியோதெரபிஸ்டே காண்கிறார். காலை வேளையில் மாத்திரையைக் குறைத்தால் பகலில் நிற்க முடியும், இரவு மாத்திரையை நிலைநிறுத்தினால் தூக்கமும் கெடாது என்று அவருக்குத் தோன்றுகிறது. அதிகாரமில்லாத காலத்தில் இதை அவர் ஒரு கடிதமாக எழுதி டாக்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதிகாரமுள்ளவர் அன்றே அளவை மாற்றி, அடுத்த வாரம் அதன் பலனைத் தம் கையாலேயே அறிகிறார். பாக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் பிரமைகளும் உண்டாகும் என்பதையும், படிப்படியாகவே இறக்க வேண்டும் என்பதையும் கற்றவராகவே அவர் இதைச் செய்கிறார். மருந்தின் அளவும் உடம்பின் அசைவும் ஒருவர் மனத்திலேயே ஒன்றுசேர்வது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் அறியேன்.

சுவாச நோயிலும் இத்தகைய அனுகூலம் உண்டு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவரின் வீட்டுக்கே சென்று சளியை வெளிக்கொணர உதவும் பிசியோதெரபிஸ்ட், சளியின் நிறம் மாறி மூச்சு வாங்குவது அதிகரித்ததைக் கண்டால், அன்றே ஸ்டெராய்டு மாத்திரையையோ ஆன்டிபயாடிக்கையோ எழுதலாம். இன்ஹேலரை நோயாளி தவறாக உறிஞ்சுகிறார் என்று கண்டால் வேறு வகையான இன்ஹேலருக்கு மாற்றலாம்.

ஏழு மருந்துகள்

கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட போதைத் தன்மையுள்ள மருந்துகளில் ஏழை மட்டும், சில குறிப்பிட்ட வடிவங்களில், பிசியோதெரபிஸ்ட் சுயேச்சையாக எழுதலாம் என்று 2015-இல் வழிசெய்யப்பட்டது. டையஜிபாம், லோராஜிபாம், டெமாஜிபாம், டைஹைட்ரோகோடீன், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்பன அவை. இந்தப் பட்டியல் இயற்றப்பட்ட பின்பு உலகம் அசையாமல் நிற்கவில்லை. நரம்பு வலிக்கு மிகுதியாக வழங்கிவந்த கபாபென்டின், பிரீகாபாலின் என்ற இரு மருந்துகளும் துஷ்பிரயோகமாகின்றன என்று கண்டு, 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் அவற்றையும் கட்டுப்பாட்டு அட்டவணையில் சேர்த்தது. டிராமடால் 2014-லேயே அந்த அட்டவணையில் ஏறியிருந்தது. ஏழின் பட்டியலில் இவை இல்லாததால், 2019 மார்ச்சு மாதக் கடைசி நாள் வரையில் கபாபென்டினைத் தாமே எழுதிவந்த பிசியோதெரபிஸ்ட் மறுநாள் காலை அதை எழுத முடியாதவரானார். எழுத முடியாதவர், சுயேச்சையாக அதைக் குறைத்துக்கொண்டு வருவதற்கும் வழியற்றவரானார். துணை நிலை ஏற்பாட்டுக்கே திரும்பி, டாக்டரோடு திட்டம் எழுத வேண்டியதாயிற்று. மார்ஃபினை எழுதும் நம்பிக்கைக்கு உரியவர் என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒருவரை, கபாபென்டினைக் குறைக்கும் நம்பிக்கைக்கு உரியவரல்லர் என்று அதே சட்டம் ஒதுக்கியதில் எனக்கு நியாயம் தென்படவில்லை. கட்டுப்பாடு வேண்டியதே, அதை நான் மறுக்கவில்லை. மருந்தின் பெயர்களைக் கோத்துப் பட்டியலிடும் முறை, ஒவ்வொரு முறை அட்டவணை திருத்தப்படும்போதும் இப்படித்தான் இடறும்.

குறைப்பதும் நிறுத்துவதும்

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஸ்தாபனம் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பழக்கத்துக்கு அடிமைப்படுத்தக்கூடியவையும், நிறுத்துவது கடினமாக உள்ளவையுமான மருந்து வகைகளில் ஒன்றையாவது, 2018 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் அந்நாட்டு வயதுவந்தோரில் நான்கில் ஒருவர், ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம் பேர், பெற்றிருந்தார்கள் என்று அது கணக்கிட்டது. புற்றுநோய் அல்லாத வலிக்காக அபின் வகை மருந்துகளைப் பெற்றவர்கள் மட்டும் 56 லட்சம் பேர். இத்தனை பேரும் எவரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிக் கொடுத்ததைத்தான் விழுங்கினார்கள். முதுகு வலிக்கிறது என்று வந்தவரோடு செலவிட டாக்டருக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சீட்டு எழுத ஒரு நிமிஷம் போதும், சீட்டு ஏன் வேண்டாம் என்று விளக்கப் பத்து நிமிஷம் போதாது.

சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் என்ற அந்நாட்டு ஸ்தாபனம் 2016-இல், முதுகுவலிக்குப் பாராசிட்டமாலைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றும், நாள்பட்ட முதுகுவலிக்கு அபின் வகையைக் கொடுக்க வேண்டாம் என்றும் கூறியது. 2021 ஏப்ரலில் அது மேலும் ஓர் அடி சென்று, வேறு நோயால் விளக்க இயலாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், அழற்சி நீக்கிகள், கபாபென்டின் வகை, அபின் வகை ஆகிய எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று உரைத்து, உடற்பயிற்சியை முன்னே வைத்தது. உடற்பயிற்சி யாருடைய வித்தை? இந்த நெறிகளை ஒருங்கே வைத்துப் படிக்கும்போது, பிசியோதெரபிஸ்ட் மருந்து எழுதும் உரிமையைப் பெற்ற அதே பத்தாண்டில், அவருடைய நோயாளிகளில் மிகப் பலருக்கு மருந்து வேண்டாம் என்ற ஞானமும் உறுதிப்பட்டது என்பதைக் காண்கிறோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன என்று கருதுவோர் உண்டு. மறுக்கவில்லை என்பது என் துணிபு. மாத்திரையைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், நோயாளிக்கு அது கைவிடப்படுவதுபோலத் தோன்றுகிறது. கைப்பிடித்து நடத்திச் செல்கிறவர், இந்த மாதம் நீங்கள் இரண்டு மாடி ஏறினீர்கள், இனி இந்த மாத்திரையில் கால் பங்கைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சொன்னால், எடுக்கும் கை கொடுக்கவும் செய்கிறது.

குறைப்பதும் நிறுத்துவதும் மருந்து எழுதும் தொழிலின் அங்கங்களே என்று அதன் தகுதி நெறிகள் தெளிவாகக் கூறுகின்றன. அதிகாரமற்றவர், உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவதோடு நின்றுவிட வேண்டும். நோயாளி கேட்பதுமில்லை, கேட்டாலும் டாக்டருக்கு நேரம் வாய்ப்பதுமில்லை. குடும்ப டாக்டர்களின் கிளினிக்குகளிலேயே பிசியோதெரபிஸ்டை அமர்த்தி, மூட்டு, தசை உபாதைகளுடன் வருவோரை நேரடியாக அவரிடம் அனுப்பும் ஏற்பாடு 2019-க்குப் பிறகு இங்கிலாந்தில் பரவியிருக்கிறது. அங்கே ஒரு நோயாளிக்குப் பொதுவாக இருபது நிமிஷம் கிடைக்கிறது. நிறுத்துவதற்கு வேண்டிய சம்பாஷணை அங்கே சாத்தியமாகிறது.

ஆனால் ஓர் அபாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டம் நெருக்கும் கிளினிக்கில், இருபது நிமிஷம் பதினைந்தாகி, பதினைந்து பத்தாகிவிட்டால், டாக்டர்களை எது சீட்டை நோக்கித் தள்ளியதோ அதுவே பிசியோதெரபிஸ்டையும் தள்ளும். நேரத்தைப் பாதுகாக்காமல் அதிகாரத்தை மட்டும் கொடுப்பது, மாத்திரை எழுதும் இன்னொரு வரிசையை உண்டாக்குவதில் போய் முடியும்.

படித்தவர்கள் எழுதாமலிருப்பது

ஒரு பிசியோதெரபித் துறையில் இந்த ஏற்பாட்டைப் புகுத்துவது, ஒருவரைப் படிப்புக்கு அனுப்புவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பல ஸ்தாபனங்கள் காலம் கடந்தே உணர்ந்தன. எந்தக் கிளினிக்கில், எந்த நோயாளிகளுக்கு, எந்த மருந்துகள் வேண்டியிருக்கும் என்று முதலில் தீர்மானித்துப் பிறகு ஆளை அனுப்ப வேண்டும். பலவிடங்களில் ஆளை அனுப்பிவிட்டு வேலையைத் தேடினார்கள். மருந்தின் செலவு எந்த இலாகாவின் கணக்கில் ஏறும் என்பது தீராத விவாதமாகும். குடும்ப டாக்டரின் கணிப்பொறியில் உள்ள மருந்து விவரம் ஆஸ்பத்திரியில் இருக்கும் பிசியோதெரபிஸ்டின் கண்ணுக்கு எப்போதும் முழுமையாகத் தெரிவதில்லை. நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளைப் பார்க்க முடியாதவர் கையில் சீட்டைக் கொடுப்பதைவிட ஆபத்தானது வேறொன்றுமில்லை. எழுதியதை உடனே டாக்டருக்குத் தெரிவிக்கும் வழி வேண்டும். கெட்ட விளைவு கண்டால் 1964-இலிருந்து வழங்கிவரும் மஞ்சள் அட்டை முறையில் அதை அறிவிக்கும் பழக்கம் வேண்டும். எழுதிய சீட்டுகளை அவ்வப்போது மற்றொருவர் பரிசீலிக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாத இடத்தில், சிரமப்பட்டுத் தேறியவர் தயங்கித் தயங்கி எழுதாமலே இருந்துவிடுகிறார். இரண்டு மூன்று வருஷத்தில் கற்றதும் மங்கிப்போகிறது. அவருடைய தயக்கத்தை நான் குறை கூற மாட்டேன். தம் பெயரில் போகிற சீட்டுக்குத் தாமே ஜவாப்தாரி என்று அறிந்தவர் தயங்குவது மனச்சாட்சியின் அடையாளம். பொறுப்பு அவரைத் தனியே நிறுத்திவிட்ட நிர்வாகத்தினுடையது.

டாக்டர்களின் ஆட்சேபத்திலும் ஒரு பகுதி செவிமடுக்கத் தக்கதே. முதுகுவலி என்று வருவோரில் மிகச் சிலருக்கு அது புற்றுநோயாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கும். வலிமாத்திரை வலியைத் தணித்துக் கண்டுபிடிப்பைத் தாமதிக்கச் செய்யும். இந்தப் பிழை டாக்டர்களுக்கும் நேர்வதுதான். எனினும் நோய் நிர்ணயம் என்ற அஸ்திவாரம் உறுதிப்படாமல் மருந்து என்ற மேல்மாடியைக் கட்டக் கூடாது என்று அவர்கள் சொல்வதை எவரும் அலட்சியம் செய்யலாகாது. பிசியோதெரபிஸ்டுகளின் பயிற்சியில் இதற்கு இன்னும் அதிக இடம் வேண்டும்.

தமிழ்நாட்டில் படித்துப் பட்டம் பெற்று, பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் பணியாற்றும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் பெறக்கூடிய இவ்வுரிமை, ஊர் திரும்பினால் கிடையாது. 2021-இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம் இத்தொழிலுக்கும் இதையொத்த பிற தொழில்களுக்கும் ஒரு தேசிய ஆணையத்தை வகுத்தது. மருந்து எழுதும் உரிமையைக் கொடுக்கவில்லை. இங்கே வலிமாத்திரையைச் சீட்டின்றியே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிட முடிகிறது. எழுதும் அதிகாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால் மட்டும் இந்த நிலைமை திருந்தும் என்று நான் எண்ணவில்லை. நோயாளி என்னென்ன சாப்பிடுகிறார் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை நம் பிசியோதெரபிக் கூடங்கள் மேற்கொள்வதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. அதை நாளைக்கே தொடங்கலாம்.

பிரிட்டனில் இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. 2026 முதல் புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளுநர் ஒவ்வொருவரும், பதிவு பெறும் நாளிலேயே சுயேச்சையாக மருந்து எழுதும் தகுதியோடு வெளிவரும்படி அவர்களுடைய படிப்பு மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது. பிசியோதெரபிப் பட்டப்படிப்பையும் அவ்வாறே மாற்றினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மருந்தியலை முதல் வருஷத்திலிருந்தே ஆழமாகக் கற்பிப்பதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். எழுதும் அதிகாரத்தை மட்டும், மூன்று வருஷமாவது நோயாளிகளை எழுப்பி நிறுத்தி நடக்க வைத்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்; பாக்லோஃபென் கொடுத்த மறுநாள் கால் துவண்டு விழுபவரை ஒருமுறையாவது தம் கையால் தாங்கியிராதவர், அந்த மாத்திரையை எப்போது குறைப்பது என்பதைப் புத்தகத்திலிருந்து அறிந்துகொள்ள முடியாது.